மதுரை டூ மும்பை சாயங்கால ஃபிளைட், ஜூலை மழை, அம்மாவோட முதல் விமானப் பயணம்

இதை எழுதாம விட மனசு வரல, அதான் உக்காந்து எழுதுறேன், கொஞ்சம் நீளமாத்தான் இருக்கும். நாங்க இருக்கறது மும்பை சயான் கோலிவாடாவுல, சொந்த ஊர் திருநெல்வேலி பக்கம். 2025 ஜூலைல அம்மாவை இங்க கூட்டிட்டு வந்தேன். அம்மாவுக்கு 67 வயசு, முழங்கால் தேய்மானம், நாகர்கோவில் எக்ஸ்பிரஸ்ல ஒன்றரை நாள் உக்காந்துக்கிட்டு வர்றது இனிமே முடியாதுன்னுதான் ஃபிளைட் போட்டோம். அவங்க வாழ்க்கையிலயே முதல் தடவை. கூட என் பொண்ணு, அஞ்சு வயசு, ரெண்டு நாளா மூக்கடைப்பு. ஏர்லைன் பேரை நான் போடல, எல்லாரும் கம்பெனி பேரை வச்சு சண்டை போட ஆரம்பிச்சுடுவாங்க, எனக்கு சொல்ல வேண்டியது வேற.

மதுரை ஏர்போர்ட்ல ஒரு குறையும் இல்ல, வீல்சேர் கேட்டிருந்தோம், வந்த தம்பி அம்மாவை செக்யூரிட்டி தாண்டி கேட் வரைக்கும் பொறுமையா கூட்டிட்டுப் போனார், நன்றி. மூணரைக்கு கிளம்பிடுச்சு. முதல் ஒரு மணி நேரம் அம்மா ஜன்னலை விட்டு முகத்தை எடுக்கல. மேகத்துக்கு மேல வெயில் அடிக்குது, கீழ ஒரு இடத்துல கருப்பா இருக்கு, "அங்க மழை பெய்யுதுட்டி, நமக்குக் கீழ மழை"ன்னு பாப்பாவுக்கு காட்டிட்டு இருந்தாங்க. அதைப் பாக்கவே அந்த டிக்கெட் காசு தகும்னு நினைச்சேன்.

கோவா தாண்டின பிறகு ஆட ஆரம்பிச்சுது. ஜூலை மாசம் மும்பைக்குள்ள வர்ற ஃபிளைட் ஆடத்தான் செய்யும், நான் நாலஞ்சு தடவை வந்திருக்கேன், அது தெரியும். மழை மேகத்துக்குள்ள காத்து ஒரு பக்கம் மேல ஏறும், பக்கத்துலயே கீழ இறங்கும், அதுக்கு நடுவுல போறப்போ பள்ளத்துல விழுந்த மாதிரி வயிறு தூக்கும். றெக்கை மேலயும் கீழயும் ஆடறதைப் பாத்து நிறைய பேர் பயப்படுவாங்க, அது வளைஞ்சு குடுக்கற மாதிரிதான் செஞ்சிருக்காங்க, வளையாம விறைப்பா இருந்தாத்தான் ஆபத்து. இதையெல்லாம் அம்மாகிட்ட சொல்லிக்கிட்டே அவங்க கையைப் பிடிச்சுக்கிட்டேன். சீட் பெல்ட் சைன் போட்டாச்சு, எங்க வரிசைக்கு முன்னாடி ஒருத்தர் அப்பவும் பெல்ட்டைக் கழட்டிட்டு மேல இருக்கற பையை எடுக்க எந்திரிச்சார், ஏர்ஹோஸ்டஸ் சத்தமா சொன்னப்புறம்தான் உக்காந்தார். 2024 மே மாசம் லண்டன்ல இருந்து சிங்கப்பூர் போன ஃபிளைட் மியான்மர் மேல திடீர்னு ஆடினதுல ஒருத்தர் இறந்தே போனார், எத்தனையோ பேருக்கு அடி, பெல்ட் போடாதவங்க அப்படியே கூரையில போய் மோதினாங்க. அதனால தயவு செஞ்சு உக்காந்திருக்கற நேரம் முழுக்க பெல்ட் போட்டுக்கோங்க, சைன் அணைஞ்சிருந்தாலும்.

பைலட் இங்கிலீஷ்லயும் இந்தியிலயும் ஏதோ சொன்னார், மும்பையில கன மழை, வரிசையில நிக்கறோம்னு. மும்பையில ரன்வே ரெண்டு இருக்கு ஆனா ஒண்ணை ஒண்ணு வெட்டிக்கிட்டு குறுக்கும் நெடுக்குமா இருக்கறதால ஒரு நேரத்துக்கு ஒண்ணுதான் ஓடும், மழை நாள்ல ஒரு ஃபிளைட் இறங்க லேட் ஆச்சுன்னா பின்னாடி வர்றது எல்லாம் வானத்துலயே வட்டம் அடிக்கணும். நாங்க நாப்பது நிமிஷம் சுத்தினோம். அந்த நாப்பது நிமிஷமும் ஆட்டம்தான். பின் சீட்ல ஒருத்தர் வாந்தி எடுக்க ஆரம்பிச்சுட்டார், சீட் பாக்கெட்ல வாந்திக் கவர் இல்ல, நான் என் பாக்கெட்ல தேடிப் பாத்தேன், அதுலயும் இல்ல, பக்கத்து சீட்லயும் இல்ல. கடைசியில ஊர்ல அல்வா வாங்கின கடையோட பிளாஸ்டிக் கவரைத்தான் எடுத்துப் பின்னாடி குடுத்தேன். மழைக்காலத்துல மும்பை வர்ற ஃபிளைட்ல ஒரு கவர் வைக்கறதுக்குக் கூடவா யோசிக்கணும்?

அப்புறம் இறங்க ஆரம்பிச்சுது. சக்கரம் வெளிய வர்ற சத்தம் கேட்டுச்சு, காட்கோபர் குர்லா பக்கம் கூரை மேல போட்டிருக்கற நீலத் தார்ப்பாய் எல்லாம் ஒரு செகண்ட் தெரிஞ்சுது, வந்துட்டோம்னு மூச்சு விட்டேன். திடீர்னு இஞ்சின் அலறுற மாதிரி ஒரு சத்தம், மூக்கு மேல தூக்கிடுச்சு, உடம்பு சீட்டோட ஒட்டிக்கிச்சு, ஜன்னல்ல ஒண்ணும் இல்ல, சாம்பல் கலர்தான். யாரோ கத்தினாங்க. அம்மா கத்தல, என் கையை நகம் பதியற மாதிரி பிடிச்சுக்கிட்டு "என்னட்டி இது, கீழ வந்துட்டுத் திரும்ப மேல போவுது"ன்னு மெதுவா கேட்டாங்க. அந்த மெதுவான குரல் இன்னைக்கும் எனக்குக் கேக்குது.

இதுக்குப் பேரு கோ-அரவுண்ட். இதை நான் கொஞ்சம் விளக்கமா சொல்லணும், ஏன்னா அன்னைக்கு அந்த ஃபிளைட்ல இருந்த பாதிப் பேருக்கு இது தெரிஞ்சிருந்தா அந்தப் பயம் இருந்திருக்காது. பைலட் இறங்கறப்போ ஒரு குறிப்பிட்ட உயரம் வரைக்கும் வந்து பாப்பார், ஐஎல்எஸ்னு தரையில இருந்து வர்ற ரேடியோ சிக்னலைப் பிடிச்சு இறங்கற சாதாரண முறையில அது தரையில இருந்து 200 அடிக்குக் குறையாது, அந்த உயரத்துக்கு வந்தும் ரன்வேயோ அதோட லைட்டோ கண்ணுக்குத் தெரியலைன்னா யோசிக்காம மேல ஏத்திடணும். காத்து திடீர்னு திசை மாறினாலும் அப்படித்தான், வேகம் சரியா அமையலைன்னாலும் அப்படித்தான். ஏத்தறதுக்கு இஞ்சினுக்கு முழு பலம் குடுக்கணும், அதான் அந்த அலறல். அது ஃபிளைட் கெட்டுப் போன சத்தம் இல்ல, நல்லா வேலை செய்யற சத்தம்.

மேல ஏத்தாம விட்டா என்ன ஆகும்னு நம்ம பக்கத்துலயே நடந்திருக்கு. 2020 ஆகஸ்ட் 7, துபாய்ல இருந்து கோழிக்கோடு வந்த விமானம், கொட்டுற மழை, முதல் தடவை இறங்க முடியல, ரெண்டாவது தடவை ரன்வேயில கிட்டத்தட்ட பாதி தூரம் தாண்டித்தான் தரையைத் தொட்டுச்சு, கூட இருந்த பைலட் கோ-அரவுண்ட் சொல்லியும் மேல ஏத்தலன்னு விசாரணை அறிக்கையிலயே இருக்கு. 21 பேர் போயிட்டாங்க. திரும்பத் திரும்ப முயற்சி பண்றதும் ஆபத்துதான், 2015 ஆகஸ்ட்ல தோஹாவுல இருந்து கொச்சி வந்த ஒரு ஃபிளைட் முதல்ல கொச்சியிலயும் அப்புறம் திருவனந்தபுரத்துலயும் முயற்சி பண்ணி ஏழாவது தடவைதான் இறங்குச்சு, அதுக்குள்ள டேங்க்ல எரிபொருள் அடிமட்டத்துக்கு வந்துடுச்சு. எங்களுக்கு அடுத்து அதே ஜூலை மாசம் 21ஆம் தேதி கொச்சியில இருந்து வந்த ஒரு விமானம் மும்பை மழையில ரன்வேயை விட்டு விலகிப் போய் இஞ்சின் கவர் அடி வாங்கி நின்னுச்சு, நல்ல வேளை யாருக்கும் ஒண்ணும் ஆகல. இதெல்லாம் தெரிஞ்சவ நான் சொல்றேன், எங்க பைலட் பண்ணது நூத்துக்கு நூறு சரி.

ரெண்டாவது தடவையும் அதே கதை. கீழ வந்து திரும்ப மேல. இந்தத் தடவை பாப்பா காதைப் பிடிச்சுக்கிட்டு அலற ஆரம்பிச்சுட்டா. இதுதான் எனக்கு அன்னைக்கு பயத்தை விடப் பெரிய வேதனை. ஃபிளைட் மேல பறக்கறப்போ உள்ள காத்தழுத்தம் ஆறாயிரம் எட்டாயிரம் அடி மலை மேல இருக்கற அளவுக்குத்தான் இருக்கும், கீழ இறங்க இறங்க அழுத்தம் கூடும், மூக்குக்கும் காதுக்கும் நடுவுல இருக்கற குழாய் சளியில அடைச்சுப் போயிருந்தா அந்த அழுத்தம் சமமாகாம செவிப்பறையை உள்பக்கமா இழுக்கும். ஒரு தடவை இறங்கினாலே சளி பிடிச்ச பிள்ளைக்கு வலிக்கும், எங்க பிள்ளை இறங்கி ஏறி இறங்கி ஏறி, அப்புறம் இன்னொரு ஊர்ல போய் இறங்கினா. எதையாவது முழுங்கிக்கிட்டே இருந்தா அந்தக் குழாய் திறக்கும், ஆனா தண்ணி பாட்டில் மேல பையில இருக்கு, நான் எந்திரிக்க முடியாது, ஏர்ஹோஸ்டஸும் எந்திரிக்கக் கூடாது, அந்த ஆட்டத்துல அவங்க உக்காந்திருக்கணும், அது நியாயம். கையில இருந்தது அல்வா டப்பா ஒண்ணுதான். துண்டு துண்டா பிச்சு வாயில வச்சு முழுங்க வச்சேன், கொஞ்சம் அடங்கினா. பிள்ளைங்களோட போறவங்க தண்ணியும் ஒரு குச்சி மிட்டாயும் சீட் பாக்கெட்லயே வச்சுக்கோங்க, இறங்கறப்போ தூங்க விடாதீங்க, மூக்கடைப்பு இருந்தா கிளம்பறதுக்கு முன்னாடியே டாக்டர்கிட்ட காட்டிடுங்க. நான் காட்டல, சாதாரண சளிதானேன்னு விட்டுட்டேன், அது என் தப்பு.

அதுக்கப்புறம் பத்துப் பதினஞ்சு நிமிஷம் யாருமே எதுவுமே பேசல. ஸ்பீக்கர்ல ஒரு சத்தம் இல்ல. விமானம் மேல போகுது, எங்க போகுதுன்னு தெரியல, பக்கத்துல ஒரு வயசான மராட்டிக்காரர் கண்ணை மூடி ஏதோ ஜெபிக்கறார், பின்னாடி ஒரு பொண்ணு போன்ல வீட்டுக்கு வாய்ஸ் மெசேஜ் பண்ணிட்டு இருக்கு, நெட்வொர்க் இல்லைன்னு தெரிஞ்சும். பைலட்டுக்கு அந்த நேரத்துல ஆயிரம் வேலை இருக்கும், முதல்ல விமானத்தை ஓட்டணும், அப்புறம் கன்ட்ரோல் டவர்கிட்ட பேசணும், பயணிங்ககிட்ட பேசறது கடைசியிலதான், அது எனக்குப் புரியுது. ஆனா அதுக்குள்ள கேபின் க்ரூ ஒரு வரி சொல்லலாம்ல, "பயப்படாதீங்க, மழையால திரும்ப மேல போறோம், இது வழக்கமா பண்றதுதான்"னு ஒரே ஒரு வரி.

கடைசியா அறிவிப்பு வந்துச்சு, இங்கிலீஷ்லயும் இந்தியிலயும். மும்பையில இறங்க முடியல, டைவர்ட் பண்றோம், அகமதாபாத் போறோம்னு.

அந்த ஊர் பேர் மட்டும் அம்மாவுக்குப் புரிஞ்சுது. நீங்க யோசிச்சுப் பாருங்க, ஜூன் 12 அகமதாபாத் விபத்து நடந்து அஞ்சு வாரம்கூட ஆகல. விமானத்துக்குள்ள இருந்தவங்கள்ல 241 பேர் போய் ஒரே ஒருத்தர் பொழச்ச அந்தச் செய்தியை எங்க அம்மா ஊர்ல டிவியில நாள் முழுக்க பாத்திருக்காங்க, விமானம் விழுந்த அந்த ஹாஸ்டலோட சாப்பாட்டு மேசை எல்லாம் பாத்திருக்காங்க. "அந்த ஊரா? டிவியில காட்டுனாவளே, அங்கயா போறோம்?"னு கேட்டுட்டு முந்தானையால வாயைப் பொத்திக்கிட்டாங்க. எனக்கு என்ன சொல்றதுன்னு தெரியல. அகமதாபாத்ல வானம் தெளிவா இருக்கு, நீளமான ரன்வே, கிட்டத்தட்ட ஒரு மணி நேரத்துல போயிடலாம், அதனாலதான் போறாங்க, காரணம் எல்லாம் சரிதான். ஆனா அந்தப் பேரைக் கேட்ட உடனே ஃபிளைட் முழுக்க ஒரு சலசலப்பு வந்துச்சு, எங்க அம்மா ஒருத்தங்களுக்கு மட்டும் இல்ல.

அப்பதான் அந்தப் பொண்ணு வந்துச்சு. கேபின் க்ரூல ஒரு சின்னப் பொண்ணு, அதுவரைக்கும் இங்கிலீஷ்லதான் பேசிட்டு இருந்துச்சு, அம்மா தமிழ்ல முனகுறதைக் கேட்டுட்டு பக்கத்துல வந்து நடைபாதையில முட்டி போட்டு உக்காந்து, "பாட்டி, பயப்படாதீங்க. மழையில ரோடு தெரியலைன்னா டிரைவர் வண்டியை ஓரமா நிறுத்துவார்ல, வானத்துல நிறுத்த முடியாது, அதான் மழை இல்லாத ஊருக்குப் போறோம். அங்க போறதுக்கும், அங்க போய் அரை மணி நேரம் சுத்தறதுக்கும் வேண்டிய பெட்ரோல் எப்பவும் எடுத்துட்டுத்தான் கிளம்புவோம், எடுக்காம கிளம்பவே கூடாது"ன்னு சொல்லுச்சு. அம்மா அந்தப் பொண்ணு முகத்தையே பாத்துட்டு இருந்தாங்க. அப்புறம் கையை எடுத்து வாயிலிருந்து இறக்கிட்டு "நீ எந்த ஊரு தாயி"ன்னு கேட்டாங்க. தேனிப் பக்கமாம். சுத்தி இருந்த நாலு வரிசையும் அந்தப் பொண்ணு பேசினதைக் கேட்டுச்சு, அதுவரைக்கும் அழுதுட்டு இருந்த ஒரு அக்கா கண்ணைத் துடைச்சுட்டு நிமிர்ந்து உக்காந்தாங்க. ஆட்டம் நிக்கவே இல்ல, ஆனா பயம் பாதியா குறைஞ்சுடுச்சு. மதுரையில இருந்து கிளம்பற ஃபிளைட், உக்காந்திருக்கறதுல பெரும்பாதி தமிழ் பேசறவங்க, முதல் தடவை ஏறின பெரியவங்க எத்தனையோ பேர், அந்தப் பொண்ணு கையில மைக்கைக் குடுத்து இதையே தமிழ்ல சொல்ல வச்சிருந்தா எவ்வளவு நல்லா இருந்திருக்கும்! ஏன் குடுக்கலைன்னு எனக்கு இன்னும் ஆத்தாமையா இருக்கு.

ஏழே முக்காலுக்கு அகமதாபாத்ல இறங்கினோம், பூ மாதிரி இறக்கினார், எல்லாரும் கை தட்டினாங்க. இனிமேதான் மோசமான பகுதி. டெர்மினல்ல இருந்து தள்ளி ஒரு ஓரமா நிறுத்திட்டாங்க, எங்களை மாதிரி டைவர்ட் ஆன விமானங்க வேற வரிசையா நின்னுச்சு. கதவைத் திறக்கல. ஏசி பேருக்கு ஓடுது, ஒரே புழுக்கம், வாந்தி நாத்தம் வேற. எவ்வளவு நேரம்னு கேட்டா "அப்டேட் வந்ததும் சொல்றோம்". ஒண்ணரை மணி நேரம் இதே பதில்தான். தண்ணி ஆளுக்கு ஒரு சின்ன கப், அப்புறம் அதுவும் தீந்து போச்சு. சாண்ட்விச் இருக்கு, ஆனா காசு குடுத்தாத்தான். ரெண்டு பிள்ளைங்களை வச்சிருந்த ஒரு அம்மா பால் பவுடர் கலக்க வெந்நீர் கேட்டாங்க, அதுக்கே இருபது நிமிஷம். விமானக் கம்பெனிகளைக் கண்காணிக்கற அரசு அமைப்பான டிஜிசிஏவோட விதி என்ன சொல்லுதுன்னா, ரெண்டரை மணி நேரத்துக்குள்ள போற ஃபிளைட் ரெண்டு மணி நேரத்துக்கு மேல கிளம்ப லேட் ஆனா சாப்பாடும் தண்ணியும் கம்பெனிதான் குடுக்கணும். மழையால லேட்டுன்னா நஷ்ட ஈடு பணம் கேக்க முடியாது, ஆனா சாப்பாடு வேற, பணம் வேற. நான் எந்திரிச்சுப் போய் அமைதியா இதைச் சொன்னேன், கத்தல, ஏன்னா அந்தக் க்ரூவும் காலையில இருந்து சாப்பிடாம நிக்கறவங்கதான். மேலதிகாரிகிட்ட கேக்கறோம்னாங்க, பத்தே கால் மணிக்கு ஒரு பாக்கெட் பிஸ்கட்டும் ஜூஸும் வந்துச்சு. அதுவரைக்கும் எங்க வரிசைங்க பசியாறினது அம்மா கட்டிக் கொண்டு வந்த கை முறுக்குலயும் மிச்ச அல்வாவுலயும்தான், அந்த மராட்டித் தாத்தா ரெண்டு முறுக்கு வாங்கித் தின்னுட்டு அம்மாவைக் கும்பிட்டார்.

அப்புறம்தான் தெரிஞ்சுது, க்ரூவோட டூட்டி நேரம் முடிஞ்சு போச்சு, வேற ஆள் வரணும்னு. அதுவும் நியாயமான விதிதான், களைச்சுப் போன பைலட் ஓட்டக் கூடாது. ஆனா இது எட்டரை மணிக்கே தெரிஞ்ச விஷயம்தானே, அப்பவே சொல்லியிருந்தா நாங்க மனசைத் தேத்திக்கிட்டு உக்காந்திருப்போம். 2024 ஜனவரியில இதே மும்பை ஏர்போர்ட்ல டைவர்ட் ஆகி வந்த பயணிங்க விமானத்துக்குப் பக்கத்துலயே தரையில உக்காந்து சாப்பிட்ட படம் ஊரெல்லாம் சுத்துச்சே, அதுக்கப்புறம் அபராதம், புது வழிமுறைன்னு என்னென்னமோ வந்துச்சு. அதுக்கப்புறமும் நாங்க மூணரை மணி நேரம் கதவு மூடின விமானத்துக்குள்ளதான் இருந்தோம்.

பதினொண்ணேகாலுக்குக் கிளம்பி பன்னெண்டரைக்கு மும்பையில இறங்கினோம். மழை தூறிட்டு இருந்துச்சு, என் வீட்டுக்காரர் சாயங்காலம் அஞ்சு மணியில இருந்து ஏர்போர்ட்லயே நிக்கறார், கிங் சர்க்கிள் பக்கம் தண்ணி வடியலன்னு டாக்ஸிக்காரர் சுத்திக் கூட்டிட்டுப் போனார். பாப்பா காது ரெண்டு நாள் வலிச்சுது, டாக்டர் பாத்துட்டு செவிப்பறை சிவந்திருக்கு, கிழியல, சரியாயிடும்னார், சரியாயிடுச்சு.

கம்பெனிக்குப் புகார் போட்டேன். "வானிலை எங்க கையில இல்லை"ன்னு பதில் வந்துச்சு. நான் வானிலையைப் பத்தி ஒரு வார்த்தைகூட எழுதல. வாந்திக் கவர், தண்ணி, பிஸ்கட் வந்த நேரம், தமிழ் அறிவிப்பு, இதைத்தான் எழுதினேன். அப்புறம் அரசாங்கத்தோட ஏர்சேவா தளத்துல பதிவு பண்ணேன், நாலு நாள் கழிச்சு ஏர்லைன்ல இருந்து ஒருத்தர் போன் பண்ணி முழுசாக் கேட்டு எழுதிக்கிட்டார், அந்தத் தேனிப் பொண்ணைப் பத்தி நான் சொன்னதையும் எழுதச் சொன்னேன், தேதியும் ஃபிளைட் நம்பரும் குடுத்து அவங்களுக்குப் பாராட்டு போய்ச் சேரணும்னு ரெண்டு தடவை சொன்னேன். உங்களுக்கும் இந்த மாதிரி ஆச்சுன்னா போர்டிங் பாஸைத் தூக்கிப் போடாதீங்க, எந்த நேரத்துல என்ன நடந்துச்சுன்னு போன்லயே குறிச்சு வச்சுக்கோங்க, எனக்கு அதுதான் கை குடுத்துச்சு.

மார்க் போடணும்னா, பைலட்டுக்கு அஞ்சுக்கு அஞ்சு, ரெண்டு பேரையும் நான் பாக்கக்கூட இல்ல, ஆனா எங்க உயிரை அவங்க சரியா பாத்துக்கிட்டாங்க. அந்தப் பொண்ணுக்கு அஞ்சுக்கு மேல இருந்தாலும் குடுப்பேன். தரையில இருந்து இதை நடத்தினவங்களுக்கு ஒண்ணு, அதுவும் கடைசியில வந்த பிஸ்கட்டுக்கு.

அம்மா தீபாவளிக்கு முன்னாடி ஊருக்குத் திரும்பணும். ரயில்லயே அனுப்பிடலாம்னு நான் சொன்னேன், அவங்க ஒரு வாரம் யோசிச்சுட்டு "முட்டி தாங்காதுட்டி, அதுலயே போவோம், ஆனா காலையில போவோம்"னாங்க. மழை ஓய்ஞ்ச பிறகு அக்டோபர்ல, வேற ஏர்லைன்ல, காலை ஃபிளைட்ல, ஆட்டம் கம்மியா தெரியுங்கறதால றெக்கைக்கு நேரா இருக்கற வரிசையில மூணு சீட் போட்டிருக்கேன். தமிழ் தெரிஞ்ச க்ரூ இருப்பாங்களான்னு கஸ்டமர் கேர்ல கேட்டேன், அப்படி உறுதி குடுக்க முடியாதுன்னாங்க. போயிட்டு வந்து அதையும் எழுதுறேன்.